பழைய வளையம்

உங்கள் ஜீப்பை ஒரு நாள் யாரிடமாவது காட்டிவிடுங்கள், மேடம். நான் ஸ்டேஷனுக்குள் வரும்போது வாசலில் ஓடிக்கொண்டு நின்றது. ஏதோ ஒரு வால்வில் இடைவெளி கூடியிருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை. அரை மணி நேர வேலை.

இதைச் சொல்லவா இந்த ஆள் இவ்வளவு தூரம் வந்தான் என்று நீங்கள் நினைப்பது நியாயம்தான். பழக்கதோஷம். முப்பது வருஷமாக இன்ஜின் சத்தத்தைக் கேட்டே பிழைத்தவன். எங்கள் வட்டாரத்தில் எனக்குப் பெயரே 'காது' என்றுதான். டாக்ஸிக்காரர்கள் வைத்தது. "பானெட்டைத் திறக்காதீங்க, காதுகிட்ட கொண்டு போங்க" என்பார்கள். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. எவ்வளவு பிடித்திருந்தது என்பது போகப் போக உங்களுக்கே புரியும்.

நான் வந்தது ஒன்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு வழக்கைப் பற்றி. பாலத்துக்கு முன்னால் வரும் இறக்கத்தில் ஒரு கார் நடுரோட்டில் நின்றுபோய், பின்னால் வந்த லாரி மோதி, ஒரு பெண் இறந்தார். அவருடைய கணவருக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. அந்தக் காரின் இன்ஜினைப் பிரித்துக் கட்டியவன் என் தங்கை வீட்டுக்காரன். கவனக்குறைவு என்று பதினெட்டு மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தான். கோப்பு உங்களிடம் இருக்கும். அதில் ஒரு திருத்தம் செய்ய வேண்டியிருக்கிறது.

அதற்கு முன்னால் ஆயில் பம்ப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் நான் செய்தது ஏதோ விளையாட்டுத்தனம் போலத் தோன்றும்.

இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்குகிற ஒரு தொட்டி இருக்கிறது. சம்ப் என்போம். பம்ப் அதில் ஒரு குழாயை இறக்கி, ஆயிலை உறிஞ்சி, உள்ளே சுழலும் ஒவ்வொரு பாகத்துக்கும் அனுப்பும். இரும்பும் இரும்பும் நேராகத் தொடாமல் நடுவில் ஒரு முடி கனத்துக்கு ஆயில் நிற்கும். ரோட்டில் போகிற எல்லா வண்டியும் அந்த முடி கனத்தை நம்பித்தான் போகிறது.

பம்பை மாட்டுவதற்கு ஒரு முறை உண்டு. உள்ளேயிருக்கும் பல்சக்கரங்களின் இடைவெளியை கேஜ் தகடு விட்டு அளக்க வேண்டும். மாட்டுவதற்கு முன் பம்ப் நிறைய ஆயில் ஊற்றிக் கையால் சுற்ற வேண்டும். காய்ந்த பம்ப் உறிஞ்சாது. போல்ட்டுகளை ஒரே மூச்சில் முறுக்காமல், எதிரும் புதிருமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், உறிஞ்சும் குழாய் பம்போடு சேருகிற இடம். அங்கே ஒரு ரப்பர் வளையம் வரும். ஓ-ரிங். சுண்டுவிரலில் மோதிரம்போல மாட்டிக்கொள்ளலாம், அவ்வளவு சின்னது. பழையது இறுகிப்போயிருக்கும். இன்ஜினைக் கட்டும்போதெல்லாம் புதிதுதான் போட வேண்டும். அந்த இடத்தில் சந்து விழுந்தால் பம்ப் ஆயிலோடு காற்றையும் இழுக்கும். ஆறின இன்ஜினில் ஒன்றும் தெரியாது. நன்றாகச் சூடேறி ஆயில் தண்ணீராக இளகும்போதுதான் தெரியும்.

அன்று மாப்பிள்ளை இதையெல்லாம் முறையாகச் செய்தான். பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். அந்த இன்ஜினில் அவன் கைபட்ட இடம் எதிலும் குறை இல்லை. முதல் திருத்தமாக இதை எழுதிக்கொள்ளுங்கள்.

அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கப்பல் பட்டறையில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தவன். தங்கையைக் கட்டிய மறு வருஷம் நான்தான் என் பட்டறைக்குக் கூப்பிட்டேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. பேசவே மாட்டான். அவனிடம் ஒரு 'ஆமாம்' வாங்குவதற்குள் பேட்டரி இறங்கிவிடும் என்று டாக்ஸிக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். அவனுக்கு 'அமைதி' என்று பெயர் வைத்ததும் அவர்கள்தான். பட்டறைப் பலகையை மாற்றி 'காது அண்ட் அமைதி' என்று எழுதச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அவன் எனக்குக் கெடுதல் ஒன்றும் செய்ததில்லை. இதில் நான் சொல்லிக்கொள்ளும்படி ஒரு காரணம்கூட இல்லை. அவன் வேலை என் வேலையைவிடச் சுத்தமாக இருந்தது, அவ்வளவுதான். நான் கட்டிய இன்ஜின் ஓடும். அவன் கட்டியது சத்தமே வராது, ஓடுகிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். முதலில் ஒருவர் இருவர், பிறகு பாதிப் பேர், வண்டியை விட்டுவிட்டு உள்ளே எட்டிப் பார்த்து, "அவர் இல்லையா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

அந்தக் காரின் சொந்தக்காரரான மருந்துக்கடைக்காரர் அப்போது பத்தொன்பது வருஷமாக என் வாடிக்கையாளர். நிதானமான மனிதர். கடைக்குப் போனால் மாத்திரையை எப்படிச் சாப்பிட வேண்டும் என்பதை இரண்டு தடவை சொல்லி, நம்மைத் திருப்பிச் சொல்ல வைத்த பிறகுதான் கையில் தருவார். அவருடைய பழைய காரின் இன்ஜினை அதற்கு முன் ஒரு தடவை இறக்கிக் கட்டியது நான். மறுபடி புகை வர ஆரம்பித்ததும் கொண்டுவந்தார். நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தேன்.

"இந்தத் தடவை மாப்பிள்ளை கை வைக்கட்டுமே. உங்களுக்கும் குனிஞ்சு நிமிர்ந்து இடுப்பு போகுது" என்றார்.

அன்பாகத்தான் சொன்னார். என் இடுப்பு வலிக்கு மருந்து தருவதே அவர்தான். நான் மடித்த கையை இறக்கிவிட்டுக்கொண்டு, "அதுக்கென்ன, அவனே செய்யட்டும்" என்றேன்.

ஐந்தாம் நாள் மத்தியானம் மாப்பிள்ளை பம்பை மாட்டி முடித்தான். சம்ப்பை மட்டும் மூடவில்லை. தங்கைக்கு அப்போது ஐந்து மாதம். அவளை டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டியிருந்தது. "மச்சான், ஒரு மணி நேரத்துல வந்து மூடிடறேன்" என்று சொல்லிவிட்டு, இன்ஜின் மேல் தூசி விழாமல் ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்திவிட்டுப் போனான். குழந்தைக்குப் போர்த்துவதுபோல நான்கு பக்கமும் செருகியிருந்தான்.

நான் துணியை விலக்கினேன். உறிஞ்சும் குழாயைப் பிடித்திருந்தவை இரண்டே போல்ட். கழற்றி, அவன் போட்ட புது வளையத்தை எடுத்தேன். கழிவுத் தட்டில் பழையது கிடந்தது. பிளேடால் அதன் உள்விளிம்பில் ஒரு கீறல் போட்டு, மாட்டி, போல்ட்டுகளை முன்பிருந்த அதே அளவுக்கு முறுக்கினேன். துணியை அவன் செருகியிருந்த மாதிரியே செருகினேன். ஆறேழு நிமிஷம் ஆகியிருக்கும். சுத்தமான வேலை.

அப்போது நான் நினைத்தது இதுதான். பத்து நாளில் டாஷ்போர்டில் ஆயில் எச்சரிக்கை விளக்கு மினுக்கும். மருந்துக்கடைக்காரர் பயந்த சுபாவம், உடனே வண்டியை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிடுவார். நான் போய்ப் பார்த்து, "சரி, நானே சரி பண்ணிக் கொடுக்கறேன்" என்பேன். மாப்பிள்ளைக்கு முகம் கொஞ்சம் வாடும். வேறெதுவும் நடக்காது. இப்படி நினைத்துத்தான் செய்தேன் என்று ஒன்பது வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். அது பொய்யில்லை. ஆனால் நடந்ததில் அது பாதிதான். மீதியை வரிசையாகச் சொல்கிறேன்.

மாப்பிள்ளை வந்து சம்ப்பை மூடினான். ஓட்டிப் பார்த்தபோது ஆயில் அழுத்தம் சரியாகக் காட்டியது. வேலை அட்டையில் கையெழுத்துப் போட்டான். வண்டியைக் கொடுத்த பதினொன்றாம் நாள் மருந்துக்கடைக்காரர் மனைவியோடு வெளியூர் கிளம்பினார். அவருடைய மைத்துனி வீட்டில் ஏதோ விசேஷம். காலை பத்தரைக்கு, இறக்கத்தில், இன்ஜின் ஜாம் ஆகிப் பின்சக்கரங்கள் அப்படியே பூட்டிக்கொண்டன. வண்டி குறுக்கே திரும்பி நின்றது. பின்னால் வந்த லாரி, அந்த அம்மா உட்கார்ந்திருந்த பக்கத்தில் மோதியது.

செய்தி மத்தியானம் வந்தது. மாப்பிள்ளை கேட்டுவிட்டுச் சுவரோரமாகப் போய் உட்கார்ந்து இரண்டு உள்ளங்கையையும் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

இரண்டாவது நாள் வண்டி ஆய்வாளர் வந்து இன்ஜினைப் பிரிக்கப்போவதாக உங்கள் ஆட்கள் சொன்னார்கள். அன்றைக்கே நான் இங்கே வந்திருக்க வேண்டும். இதே கட்டடம்தான், இதே படிக்கட்டு. வரவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்குப் போன பிறகு, அன்று கழற்றி ஒரு பழைய தகர டப்பாவில் போட்டு வைத்திருந்த புது வளையத்தை எடுத்துத் துடைத்து, அவனுடைய உதிரித் தட்டில், நட்டுகளுக்கு அடியில் வைத்தேன்.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். எழுதுங்கள். அந்த அம்மா இறந்த பிறகு நான் செய்தது இது. முதலில் செய்தது பொறாமையில் செய்தது என்றால், இதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆய்வாளர் என் பட்டறையிலேயே பிரித்தார். குழாயைக் கழற்றி வளையத்தை ஒரு காகிதத்தில் வைத்து என்னிடம் நீட்டினார்.

"நீங்க அனுபவஸ்தர். இது புதுசா பழசா, நீங்களே சொல்லுங்க."

"பழசு" என்றேன்.

"நான் புதுசுதான் போட்டேன், மச்சான்" என்றான் மாப்பிள்ளை. "கவரைக் கிழிச்சது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"கிழிச்சிருப்ப, மாப்ள. போட்டியா?"

அவன் தன் உதிரித் தட்டை எடுத்துக் கவிழ்த்துத் தேடினான். நட்டுகளோடு அந்தப் புது வளையமும் உருண்டு வந்தது. அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் காட்டினான். யாரும் கேட்காமல் அவனாகவே காட்டினான். மறைக்கத் தெரியாத ஆள்.

வக்கீல் வைக்கலாம் என்று தங்கை மன்றாடினாள். "மச்சான் பார்த்துச் சொல்றார். அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அவளிடம் சொல்லிவிட்டு, மாப்பிள்ளை நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டான். தன்னுடைய ஞாபகத்தைவிட என் வார்த்தையைப் பெரிதாக நினைத்தான். அவ்வளவு மரியாதையை அதற்கு முன்னும் பின்னும் யாரும் எனக்குத் தந்ததில்லை. அதை வாங்கிக்கொண்டு பேசாமல் நின்றேன்.

அவன் உள்ளே இருந்தபோது குழந்தை பிறந்தது. பெண். தங்கையையும் குழந்தையையும் என் வீட்டில்தான் வைத்துக்கொண்டேன். அண்ணனைப்போல் உண்டா என்று எல்லோரும் சொன்னார்கள். குழந்தைக்கு நடை பழக்கியது நான். அவள் முதலில் கூப்பிட்ட உறவு 'மாமா'தான்.

அவன் திரும்பி வந்த அன்று தங்கை குழந்தையைக் கொண்டுபோய் நீட்டினாள். அவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"வேணாம். நீயே வெச்சிரு. நான் சரியாப் பிடிச்சேனான்னு எனக்குத் தெரியாது."

அன்றைக்குத் தங்கை என் தோளில் சாய்ந்துதான் அழுதாள். "ஏன் அண்ணா இப்படி ஆயிட்டாரு?" என்று கேட்டாள். நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்து, போகப் போகச் சரியாகும் என்றேன்.

சரியாகவில்லை. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வருவான். பூட்டை இழுத்துப் பார்ப்பான். மறுபடி போவான், மறுபடி வருவான். அடுப்பை அணைத்ததைத் தங்கை வந்து பார்த்துச் சொல்ல வேண்டும். சட்டைப் பொத்தான் போட்ட பிறகு ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுவான். பட்டறைக்குத் திரும்ப வந்தான், ஆனால் ஸ்பேனரைத் தொட மாட்டேன் என்றுவிட்டான். உதிரிபாகங்களைக் கழுவித் தருகிறேன், அது போதும் என்றான். அந்தக் கையை அப்படிப்பட்ட வேலைக்கு விட்டுவிட்டு, பக்கத்திலேயே நின்று நான் இன்ஜின் கட்டிக்கொண்டிருந்தேன். வாடிக்கையாளர்கள் எல்லோரும் என்னிடம் திரும்பி வந்திருந்தார்கள். வேண்டியது கிடைத்துவிட்டது. அவன் கழுவி வைத்த பாகங்களை எடுக்கும்போது அவன் முகத்தைப் பார்க்காமல் எடுக்கப் பழகிக்கொண்டேன். ஒன்பது வருஷத்தில் நான் கற்றுக்கொண்ட புது வேலை அது ஒன்றுதான். மகளுக்கு இப்போது எட்டு முடிந்துவிட்டது. ரோட்டைக் கடக்கும்போது அவளாகவே வந்து அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொள்வாள். அவன் அவள் கையைப் பிடிக்க மாட்டான் என்று அவளுக்குத் தெரியும்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மருந்துக்கடைக்காரர் பட்டறைக்கு வந்தார். அத்தனை வருஷத்தில் முதல் தடவை. ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டு, பாகங்கள் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், மாப்பிள்ளைக்கு எதிரே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் மூன்றடி தள்ளி ஒரு வேனுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

"உங்களை மன்னிச்சிட்டேன்னு சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்" என்றார். "கோர்ட்டுல ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன். வழியில விளக்கு மினுக்குச்சு. என் வீட்டுக்காரி உங்க பட்டறைக்குப் போன் பண்ணினா. நீங்க போகலாம்னு சொன்னீங்கன்னு சொன்னா. விளக்கைப் பார்த்துட்டும் ஓட்டினவன் நான்தானே, அதான் வாயைத் திறக்கல. அந்தப் போனையும் மன்னிச்சிட்டேன். இனிமே நீங்களும் தூங்குங்க, நானும் தூங்கறேன்."

மாப்பிள்ளை கொஞ்ச நேரம் யோசித்தான். ஞாபகத்தில் அந்தப் போனைத் தேடினான் என்று நினைக்கிறேன். பிறகு, "சொல்லியிருப்பேங்க" என்றான். ஈரக்கையோடு அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவரும் அழுதார்.

அந்தப் போனை எடுத்தவன் நான்.

"லைட் எரிஞ்சு எரிஞ்சு அணையுதுங்க. அமைதித் தம்பிகிட்ட குடுங்களேன், அவர்கிட்ட கேட்டுக்கறேன்" என்றார் அந்த அம்மா. நான் யார் என்று குரலிலேயே அவருக்குத் தெரியும். என்னிடம் கேட்கவில்லை. அவனிடம் கொடுக்கச் சொன்னார். மாப்பிள்ளை பத்தடி தூரத்தில் ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தான். கூப்பிட்டிருந்தால் வந்திருப்பான். நிறுத்துங்கள் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருப்பான். ரிசீவருக்குள் பின்னணியில் அந்த இன்ஜின் எனக்குக் கேட்டது. ஆயில் கிடைக்காமல் பேரிங் தட்டும் சத்தம் மெலிதாகத் தொடங்கியிருந்தது. இன்னும் எவ்வளவு தூரம் தாங்கும் என்று என்னால் கணக்குப் போட முடிந்தது.

"அவன் பக்கத்துலதான் இருக்கான். புது இன்ஜின் அப்படித்தான் இருக்கும், தாராளமாப் போகலாம்னு சொல்றான்" என்றேன்.

அவர் நன்றி சொல்லிவிட்டு வைத்தார். அதுதான் நான் செய்தது. வளையத்தை மாற்றியதும் நான், திருப்பி வைத்ததும் நான், அந்த அம்மாவைப் போகச் சொன்னதும் நான். மாப்பிள்ளை பம்பைச் சரியாக மாட்டியிருந்தான். இதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன். தங்கைக்கு மட்டும் நீங்களே சொல்லிவிடுங்கள். என்னால் முடியாது. அவனுக்கு யார் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இவ்வளவுக்குப் பிறகும் "மச்சான் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிடுவானோ என்று பயமாக இருக்கிறது.

ஏன் இப்போது வந்தாய் என்று கேட்டீர்கள். அவன் பெயரிலுள்ள கறையைத் துடைக்கத்தான் வந்தேன். வேறெதற்கும் இல்லை. அவன் செய்யாத காரியத்துக்கு அவனை மன்னித்தார்கள். அது அவனுக்கு உரியது இல்லை. அந்த ஸ்டூல் என் எதிரே போடப்பட்டிருக்க வேண்டும். வேனுக்குப் பின்னால் நின்றுகொண்டு அன்று நான் நினைத்தது அதைத்தான்.

இதையெல்லாம் மருந்துக்கடைக்காரரிடம் சொல்வீர்கள் இல்லையா, மேடம்? கேட்டுவிட்டு அவர் என்னைப் பார்க்க வருவாரா? அன்று அவனோடு ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தார்.